சூங் சிங் லிங்: ஒரு பெயரின் சுமை

நாஞ்சிங் நகரின் கிழக்கே ஊதாமலைச் சரிவில் 392 படிகள் ஏறிச் சென்றால் சன் யாட் சென்னின் நினைவிடத்தை அடையலாம். ஈராயிரம் ஆண்டு மன்னராட்சிக்கு முடிவு கட்டிய சீனக் குடியரசின் முதல் தற்காலிகக் குடியரசுத் தலைவர் அவர். 1929ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பெரும் அரசு மரியாதையுடன் அவருடைய உடல் அங்கே அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய மனைவி சூங் சிங் லிங் அங்கே இல்லை. ஷாங்காயில், தம் பெற்றோரின் கல்லறைக்கு அருகில், தரையோடு தரையாகப் பதிக்கப்பட்ட ஓர் எளிய கல்லின் கீழ் அவர் உறங்குகிறார். பெற்றோர் கல்லறைக்கு மறுபுறத்தில் அதே போன்ற மற்றொரு கல் இருக்கிறது. அதன் கீழ் இருப்பவர் லி யான் ஏ. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங் லிங்கின் வீட்டில் பணிசெய்த பெண்மணி.

கணவரின் பெயரால் உலகெங்கும் அறியப்பட்ட ஒரு பெண், அந்தப் பெயரைக் காப்பதற்காகத் தம் உடன்பிறந்தாரையும் தம் கட்சியையும் பகைத்துக்கொண்டவர், இறுதியில் கணவரின் பக்கத்தில் அன்றிப் பணிப்பெண்ணின் பக்கத்தில் உறங்கத் தீர்மானித்தது ஏன்? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க விழைகிறோம்.

தமிழ் வாசகர்களுக்குச் சன் யாட் சென் புதியவர் அல்லர். வெ. சாமிநாத சர்மாவின் எழுத்துகள் வழியாகவே நம்மவர் பலர் அவரை அறிந்துகொண்டனர். ஆனால் திருமதி சன் யாட் சென் நமக்குப் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டார். அடிக்குறிப்பிலும் அவர் ‘மூன்று சகோதரிகளுள் ஒருவர்’ என்றே வருகிறார். ஒருத்தி பணத்தை நேசித்தாள், ஒருத்தி அதிகாரத்தை நேசித்தாள், ஒருத்தி நாட்டை நேசித்தாள் என்னும் பொருள்பட ஒரு வழக்கு சீனர்களிடையே உண்டு. மூத்தவர் எய் லிங், செல்வரும் பின்னாளில் நிதியமைச்சருமான குங் சியாங் சியை மணந்தார். இளையவர் மெய் லிங், சியாங் கை ஷேக்கை மணந்தார். நடுவிலவரே சிங் லிங். வழக்கு கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. எனினும் ஒரு முழு வாழ்க்கையை அதற்குள் அடக்கிவிட இயலாது.

*

சிங் லிங் 1893 ஜனவரி 27ஆம் நாள் ஷாங்காயில் பிறந்தார். தந்தை சார்லி சூங் அமெரிக்காவில் கல்வி பெற்ற மெதடிஸ்ட் கிறித்தவர். மதபோதகராகத் தொடங்கி, பைபிள் அச்சிடும் தொழிலில் இறங்கிச் செல்வந்தரானவர். சன் யாட் சென்னின் இரகசிய இயக்கத்திற்குப் பொருளுதவி செய்துவந்த நெருங்கிய நண்பரும் அவரே. பெண் குழந்தைகளின் கால்களைக் கட்டி ஒடுக்கிய காலத்தில், அவர் தம் மூன்று பெண்களையும் அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரிலுள்ள வெஸ்லியன் கல்லூரியில் சிங் லிங் பயின்றார்.

1911 அக்டோபரில் சீனாவில் புரட்சி வெடித்தது. தந்தை அனுப்பிய குடியரசின் ஐந்நிறக் கொடியைக் கண்டதும், அறைச் சுவரில் இருந்த பழைய டிராகன் கொடியைப் பிடுங்கிக் காலால் மிதித்தார் சிங் லிங் என்று அவருடன் பயின்றோர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். அடுத்த ஆண்டே, இப்புரட்சியை இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் நிகழ்வாகப் போற்றிக் கல்லூரி இதழில் கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 19.

ஆனால் 1913இல் பட்டம் பெற்றுத் திரும்பும்போது புரட்சி தோற்றுப்போயிருந்தது. 1912 ஜனவரி முதல் நாள் தற்காலிகக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற சன் யாட் சென், நாட்டின் ஒற்றுமையைக் கருதி ஒரு சில மாதங்களிலேயே படைபலம் மிக்க யுவான் ஷி காயிடம் அப்பதவியை ஒப்படைத்துவிட்டார். யுவானோ சர்வாதிகாரியாக மாறினார். அவரை எதிர்த்து 1913இல் நடந்த இரண்டாம் கிளர்ச்சி நசுக்கப்படவே, சன் யாட் சென்னும் சார்லி சூங்கும் ஜப்பானில் தஞ்சம் புகுந்தனர். சிங் லிங் தம் வீட்டைக் கண்டதும் அங்கேதான். தம் வீரநாயகனைத் தோற்ற மனிதராகக் கண்டதும் அங்கேதான்.

அக்கா எய் லிங் சன் யாட் சென்னின் செயலாளராக இருந்தார். 1914இல் அவருக்குத் திருமணமாகவே, அப்பணி சிங் லிங்கிடம் வந்தது. மறைகுறிக் கடிதங்களை எழுதுவது, ஆங்கிலத்தில் மடல்கள் தயாரிப்பது எனத் தொடங்கிய உறவு திருமணத்தை நோக்கிச் சென்றபோது பெற்றோர் அதிர்ந்தனர். சன் யாட் சென் தந்தையின் நண்பர், ஏற்கெனவே மணமானவர், அவருடைய மகன் சன் ஃபோ சிங் லிங்கைவிட மூத்தவர். ஷாங்காய் வீட்டில் தாம் அடைத்துவைக்கப்பட்டதாகவும், பணிப்பெண்ணின் உதவியோடு சன்னல் வழியே தப்பி ஜப்பானுக்குக் கப்பலேறியதாகவும் சிங் லிங் பின்னாளில் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோவிடம் கூறினார். 1915 அக்டோபர் 25ஆம் நாள் தோக்கியோவில் திருமணம் நடந்தது. மணமகளுக்கு 22 வயது; மணமகனுக்கு 49 நிறைய இன்னும் சில நாள்களே இருந்தன. பின்தொடர்ந்து வந்த தந்தையின் மன்றாட்டு பலிக்கவில்லை. சார்லி சூங் 1918இல் மறைந்தார்.

அது காதல் அன்று, தொலைவிலிருந்து தோன்றிய வீரவழிபாடே என்று அவரே ஸ்னோவிடம் சொல்லியிருக்கிறார். இது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அவர் ஓர் ஆடவரை மட்டும் மணக்கவில்லை. ஒரு இலட்சியத்தையும் சேர்த்தே மணந்தார். அந்த ஆடவரின் மறைவுக்குப் பின்னும் அத்திருமணம் தொடர்ந்ததற்கான காரணம் இங்கேயே இருக்கிறது.

*

1921 மே மாதம் காண்டன் நகரில் அமைந்த தென்சீன அரசின் குடியரசுத் தலைவராகச் சன் யாட் சென் பொறுப்பேற்றார். முழுமையான பொருளில் சிங் லிங் குடியரசுத் தலைவரின் மனைவியாக வாழ்ந்தது இந்த ஓராண்டுதான். 1922 ஜூன் 16ஆம் நாள் அதிகாலையில் அதுவும் முடிவுக்கு வந்தது. நம்பிக்கைக்குரியவராயிருந்த படைத்தலைவர் சென் ஜியோங் மிங்கின் படைகள் குடியரசுத் தலைவரின் இல்லத்தைச் சூழ்ந்துகொண்டன. இருவரும் சேர்ந்து சென்றால் எளிதில் பிடிபடுவோம் என்று சொல்லிக் கணவரை முதலில் தப்பவைத்தார் சிங் லிங். நாட்டுக்குத் தாம் இல்லாவிடினும் ஆகும், அவர் இல்லாமல் ஆகாது என்பது அவருடைய வாதம். சிறிய காவற்படை ஒன்றுடன் மணிக்கணக்காகத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தாக்குப்பிடித்து, பின்னர்ப் பிணங்கள் கிடந்த தெருக்களின் வழியே, நாட்டுப்புறப் பெண்ணைப் போல் வேடமிட்டுத் தப்பினார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். அந்த ஓட்டத்தில் கரு கலைந்தது. அதன்பின் அவருக்குக் குழந்தைப்பேறு வாய்க்கவே இல்லை.

இந்த அனுபவத்தை அவரே எழுதியிருக்கிறார். துப்பாக்கி முழக்கத்தையும் தெருக்களின் கோரத்தையும் விவரிக்கும் அந்த எழுத்தில் தன்னிரக்கம் இல்லை.

1924இல் சன் யாட் சென் தம் கோமிங்டாங் கட்சியைச் சோவியத் ஆலோசகர் போரோடினின் துணையோடு திருத்தி அமைத்தார். சோவியத் நாட்டோடு நட்பு, கம்யூனிஸ்டுகளோடு ஒத்துழைப்பு, உழவர்-தொழிலாளர்க்கு ஆதரவு என்பன அவர் இறுதிக்காலத்தில் மேற்கொண்ட மூன்று கொள்கைகள். அவ்வாண்டு நவம்பரில், பீகிங்கில் நாட்டு ஒற்றுமைக்கான பேச்சுவார்த்தைக்குச் செல்லும் வழியில் ஜப்பானின் கோபே நகரில் தங்கியபோது, சன் யாட் சென் ஆசிய ஒற்றுமை குறித்துப் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். அதே நாளில், அதே ஊரில், பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சிங் லிங் பெண் விடுதலை குறித்துப் பேசினார். வரலாற்று நூல்கள் முதல் உரையைப் பக்கம் பக்கமாக ஆராய்கின்றன. இரண்டாவது உரையைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. கணவரின் நிழலில் ஒரு குரல் தனியே தன்னைப் பழக்கிக்கொண்டிருந்ததை நாம் இங்கே காண்கிறோம்.

1925 மார்ச் 12ஆம் நாள் பீகிங்கில் புற்றுநோயால் சன் யாட் சென் காலமானார். தம் நூல்களையும் உடைகளையும் ஷாங்காய் வீட்டையும் மனைவிக்கு விட்டுச்செல்வதாக அவருடைய உயில் கூறியது. குடியரசை நிறுவியவரின் சொத்து அவ்வளவே. முப்பத்திரண்டு வயதில் சிங் லிங் கைம்பெண்ணானார்.

*

மறைந்த தலைவரின் மனைவி அரசியலுக்கு வருவது தெற்காசியாவில் வாழும் நமக்குப் பழகிய காட்சி. கணவர் கொல்லப்பட்டபின் 1960இல் இலங்கையின் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்காவும், குடியரசுத் தலைவராயிருந்த கணவரை இழந்து 1991இல் வங்கதேசத்தின் பிரதமரான கலிதா ஜியாவும் உடனே நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்குக் கட்சி கைகொடுத்தது. கணவரின் இருக்கை காத்திருந்தது. சிங் லிங்குக்கு நேர்ந்தது வேறு. கட்சிக்கு அவர் தேவைப்பட்டார். ஆனால் பேசாத ஒரு சின்னமாக மட்டுமே தேவைப்பட்டார்.

1926 ஜனவரியில் கோமிங்டாங்கின் மத்திய செயற்குழுவுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் கட்சியின் இடதுசாரி அரசு அமைந்த ஊகானுக்குச் சென்று, பெண்களுக்கான அரசியல் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். ஆனால் 1927 ஏப்ரல் 12ஆம் நாள் ஷாங்காயில் சியாங் கை ஷேக் கம்யூனிஸ்டுகளையும் தொழிற்சங்கத்தினரையும் வேட்டையாடத் தொடங்கினார். ஊகான் தலைவர்களும் ஜூலையில் அதே பாதையைத் தேர்ந்தபோது, சிங் லிங் தம் வாழ்வின் முதல் பெரும் முடிவை எடுத்தார். 1927 ஜூலை 14ஆம் நாள் அவர் விடுத்த அறிக்கை, கணவரின் கட்சியையே கணவரின் பெயரால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. சன் யாட் சென் ஏழை உழவர் குடியில் பிறந்தவர், பதினைந்து வயது வரை காலுக்குச் செருப்பில்லாமல் மலைப்பாதையில் நடந்தவர் என்பதை நினைவூட்டி, உழவரையும் தொழிலாளரையும் கைவிட்ட கட்சியில் தமக்கு இடமில்லை என்றார்.

உடன்பிறந்தார் அனைவரும் எதிரணியில் இருந்தனர். தம்பி சூங் ட்சு வென் சியாங்கின் நிதியமைச்சராகும் பாதையில் இருந்தார். அக்கா, சியாங்குக்கும் தங்கைக்குமான திருமணத்தை முடிக்கும் முயற்சியில் இருந்தார். சன் யாட் சென்னின் மறைவுக்குப் பின் சியாங் முதலில் தம்மையே மணக்கக் கேட்டு ஆள் அனுப்பியதாகவும், அதில் அரசியலை மட்டுமே கண்டு தாம் மறுத்துவிட்டதாகவும் சிங் லிங் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆகஸ்டு இறுதியில் அவர் ஷாங்காயிலிருந்து கப்பலேறி விளாதிவாஸ்தோக் வழியாக மாஸ்கோ சென்றார். அங்கிருக்கும்போது, ஊகான் அரசின் அயலுறவு அமைச்சராயிருந்த யூஜின் சென்னை அவர் மறுமணம் செய்துகொள்ளப்போவதாக அமெரிக்க நாளேடு ஒன்று செய்தி வெளியிட்டது. அச்செய்தி அவரை நோயில் தள்ளியது. கைம்பெண்ணின் அரசியலை வீழ்த்த அவளுடைய ஒழுக்கத்தின்மீது ஐயத்தை எறிந்தால் போதும் என்பது எல்லா நாட்டிலும் அறியப்பட்ட உத்திதான். 1927 டிசம்பர் முதல் நாள் சியாங்கும் மெய் லிங்கும் மணம் புரிந்தனர். சன் யாட் சென்னின் அரசியல் எதிரியாகச் சிங் லிங் கருதியவர், உறவுமுறையில் சன் யாட் சென்னின் சகலை ஆனார்.

1929இல் கணவரின் உடல் நாஞ்சிங்கில் அடக்கம் செய்யப்பட்டபோது அவர் திரும்பி வந்தார். தம் வருகையைக் கட்சியோடு சமரசம் என்று எவரும் பொருள்கொள்ளக்கூடாது என முன்கூட்டியே அறிவித்துவிட்டே வந்தார். ஆகஸ்டில், அரசைக் கடுமையாகச் சாடி வெளிநாட்டு அமைப்பு ஒன்றுக்குத் தந்தி அடித்தார். சமாதானம் பேச வந்த கட்சித் தலைவர் தாய் ஜி தாவிடம், தம்மை வாயடைக்க வேண்டுமானால் சுட்டுக் கொல்வதோ சிறையிடுவதோதான் வழி என்று கூறியனுப்பினார். சியாங்கால் இரண்டும் இயலவில்லை. நாட்டின் ஒவ்வொரு பள்ளியிலும் அலுவலகத்திலும் சன் யாட் சென்னின் படம் மாட்டப்பட்டு வணங்கப்பட்டது. அப்படத்திலிருப்பவரின் மனைவியை எப்படிச் சிறையிடுவது? ‘திருமதி சன்’ என்னும் பெயர் அவருக்குக் கவசமாயிற்று.

*

1931இல் தாயின் மறைவையொட்டி நாடு திரும்பியவர் ஷாங்காயிலேயே தங்கினார். அவ்வாண்டு நவம்பரில் அவருடைய அரசியல் தோழர் டெங் யென் டா இரகசியமாகக் கொல்லப்பட்டார். கோமிங்டாங் ஓர் அரசியல் ஆற்றலாக அழிந்துவிட்டது என அறிக்கை விட்டார் சிங் லிங். 1932 டிசம்பரில் கல்வியாளர் சாய் யுவான் பெய், எழுத்தாளர் லூ சுன், யாங் சிங் ஃபோ ஆகியோருடன் இணைந்து குடியுரிமைப் பாதுகாப்புக் கழகத்தை நிறுவினார். அரசியல் கைதிகளின் விடுதலையும் சித்திரவதைக்கு எதிர்ப்பும் அதன் குறிக்கோள்கள். 1933 ஜூன் 18ஆம் நாள் யாங் சிங் ஃபோ ஷாங்காய்த் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிங் லிங்கைத் தொட இயலாதவர்கள் அவருக்கு அருகில் நின்றவரைச் சுட்டனர். கவசம் தம்மை மட்டுமே காத்தது, உடனிருந்தோரைக் காக்கவில்லை. இந்த உண்மை அவரை வாழ்நாள் முழுதும் உறுத்தியிருக்க வேண்டும்.

இலக்கிய வாசகர்கள் மறக்கக்கூடாத ஒரு நாள் இக்காலத்தில் உண்டு. 1933 பிப்ரவரி 17ஆம் நாள் பெர்னார்ட் ஷா ஷாங்காய் வந்தபோது சிங் லிங்கின் வீட்டில் விருந்துண்டார். லூ சுன், சாய் யுவான் பெய், லின் யூடாங், ஆக்னஸ் ஸ்மெட்லி, ஹெரால்டு ஐசக்ஸ் ஆகியோர் உடனிருந்தனர். தோட்டத்தில் எழுவரும் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் புகழ்பெற்றது. பின்னாளில் மக்கள் சீனத்தில் அப்படம் அச்சிடப்பட்டபோது லின் யூடாங்கும் ஐசக்ஸும் அழிக்கப்பட்டிருந்தனர். அரசியல் அவர்களை வேண்டாதவராக்கியிருந்தது. பல ஆண்டுகள் கழிந்தே அவ்விருவரும் படத்துக்குள் மீண்டும் வந்தனர். எவரெவர் தம் வீட்டுத் தோட்டத்தில் நின்றார்கள் என்பது சிங் லிங்குக்கு நன்கு தெரிந்திருந்தும், நாடு பார்த்தது ஐவரை மட்டுமே.

1936இல் லூ சுன் நோயுற்றபோது, மருத்துவமனைக்குச் செல்லுமாறு வற்புறுத்தி அவருக்குக் கடிதம் எழுதினார் சிங் லிங். அவ்வாண்டு அக்டோபரில் லூ சுன் மறைந்தபோது இறுதிச் சடங்குகளுக்கு முன்னின்றார். அடுத்த மாதமே, ஜப்பானை எதிர்க்குமாறு அரசை வலியுறுத்திய தேசிய மீட்புக் கழகத் தலைவர்கள் எழுவர் கைதாயினர். நாட்டை நேசிப்பது குற்றமாயின் அக்குற்றத்தைத் தாமும் செய்திருப்பதாகக் கூறி, 1937 ஜூலையில் நண்பர்களுடன் சூசோ நகர நீதிமன்றத்துக்கு நேரில் சென்று தம்மையும் சிறையிடுமாறு கேட்டார். ஜூலை இறுதியில் எழுவரும் விடுவிக்கப்பட்டனர். இந்த எழுவரை வாசகர்கள் நினைவில் கொள்க. மீண்டும் அவர்களிடம் வருவோம்.

போர் மூண்டபின் 1938இல் ஹாங்காங்கில் சீனப் பாதுகாப்புக் கழகத்தைத் தொடங்கி, கம்யூனிஸ்டுப் பகுதிகளில் இயங்கிய மருத்துவமனைகளுக்கு மருந்தும் பணமும் திரட்டினார். அவ்வாண்டு இந்தியத் தேசியக் காங்கிரசு அனுப்பிய ஐவர் மருத்துவக் குழுவைக் காண்டனில் வரவேற்றவரும் அவரே; டாக்டர் கோட்னிஸ் அக்குழுவில் ஒருவர். 1940 ஏப்ரலில் மூன்று சகோதரிகளும் சுங்கிங்கில் ஒருசேரத் தோன்றிக் காயமுற்றோரைப் பார்வையிட்டனர். பகைவன் வாசலில் நிற்கும்போது வீட்டுச் சண்டை பொறுத்திருக்கட்டும் என்று எண்ணினார் போலும்.

அவருடைய குரல் முற்றிலும் தனித்த குரல் என்று கொள்வதும் பிழையாகும். 1930களிலேயே கம்யூனிஸ்டு அகிலத்தோடு அவருக்கு மறைமுகத் தொடர்பு இருந்ததைப் பின்னாளில் வெளியான நினைவுக்குறிப்புகள் காட்டுகின்றன. அவர் நடுநிலையாளர் அல்லர்; ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டவர்.

*

1949இல் அந்தப் பக்கம் வென்றது. பீகிங்குக்கு வருமாறு மாவோவும் சௌ என் லாயும் அழைத்தபோது அவர் தயங்கினார். கணவரைப் பறிகொடுத்த ஊர் அது. சௌ என் லாயின் மனைவி டெங் யிங் சாவ் நேரில் வந்து அழைக்கவே ஆகஸ்டு இறுதியில் புறப்பட்டார். அக்டோபர் முதல் நாள் தியானன்மென் மேடையில் மாவோவுடன் நின்றார். புதிய அரசின் ஆறு துணைத்தலைவர்களுள் அவர் ஒருவர். மெய் லிங்கும் சியாங்கும் தைவானில். எய் லிங் அமெரிக்காவில். சகோதரிகள் அதன்பின் சந்திக்கவே இல்லை.

புதிய சீனத்தில் அவர் ஆற்றிய பணிகள் சிறியன அல்ல. சீன நல்வாழ்வு நிறுவனத்தின் வழியே தாய்-சேய் நலம், குழந்தைகள் கல்வி, சிறுவர் அரங்கு ஆகியவற்றை வளர்த்தார். 1951இல் தமக்கு வழங்கப்பட்ட ஸ்டாலின் அமைதிப் பரிசுத் தொகையைக் கொண்டு ஷாங்காயில் மகப்பேறு மருத்துவமனை ஒன்றை உருவாக்கினார். 1952இல் வெளிநாட்டினருக்காக ‘சைனா ரீகன்ஸ்ட்ரக்ட்ஸ்’ இதழைத் தொடங்கினார். 1955 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தார். 1959இல் மக்கள் சீனக் குடியரசின் துணைத்தலைவரானார். குடியரசுத் தலைவராக இருந்தவர் லியு ஷாவோ சி. கட்சியில் சேர விரும்பியபோது, வெளியே இருப்பதே புரட்சிக்குப் பயன் தரும் என்று லியு அவரிடம் கூறினார். இம்முறையும் அவர் சின்னமாகவே தேவைப்பட்டார்.

இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் கடினமான பகுதி தொடங்குகிறது. 1957இல் வலதுசாரி எதிர்ப்பு இயக்கம் அறிவாளர்களை வேட்டையாடியது. வலதுசாரி என முத்திரை குத்தப்பட்டவர்களுள் சாங் நாய் சி, வாங் சாவோ ஷி என்னும் இருவர் இருந்தனர். இருவரும் அந்த எழுவரைச் சேர்ந்தவர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் எவருக்காகச் சிறைக்கதவைத் தட்டித் தம்மையும் உள்ளே விடுமாறு கேட்டாரோ, அவர்கள் இப்போது அவர் துணைத்தலைமை வகித்த அரசமைப்பின் கையில் வீழ்ந்தார்கள். பொதுவெளியில் அவர்களுக்காகச் சிங் லிங்கின் குரல் எழவில்லை. வாங் சாவோ ஷி 1971இல் சிறைக்காவலிலேயே மாண்டார்.

பண்பாட்டுப் புரட்சி அவரையும் விட்டுவைக்கவில்லை. 1966இல் ஷாங்காயில் அவருடைய பெற்றோரின் கல்லறையைச் செங்காவலர்கள் உடைத்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் சௌ என் லாய் தயாரித்த பாதுகாக்கப்பட வேண்டியோர் பட்டியலில் முதல் பெயர் சிங் லிங்கினுடையது. கல்லறையைச் சீர்செய்யவும் சௌ ஏற்பாடு செய்தார். குடியரசுத் தலைவர் லியுவுக்கு அக்காப்பு கிட்டவில்லை. 1969இல் அவர் கைபெங் நகரில் காவலில் இறந்தார். பழைய கவசம் மீண்டும் வேலை செய்தது. மீண்டும் அவரை மட்டுமே காத்தது.

அவர் ஒன்றும் அறியாதவராக இருக்கவில்லை. நண்பர்களுக்குத் தனிப்பட்ட முறையில் எழுதிய மடல்களில் வேதனை தெரிகிறது. படித்தபின் எரித்துவிடும்படி கேட்டுக்கொண்ட மடல்களும் உண்டு. ஒருகாலத்தில் உலகறியத் தந்தி அடித்தவர், இப்போது எரிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். இதைக் கோழைத்தனம் என்று எளிதில் தீர்ப்பளித்துவிடலாம். ஆனால் இரண்டு காலங்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. சியாங்கை எதிர்த்தபோது அவருக்குத் தம் இலட்சியத்தின் துணை இருந்தது. சன் யாட் சென்னின் கனவைக் காட்டிக்கொடுத்தவன் நீ என்று சுட்டிக்காட்ட முடிந்தது. 1949க்குப் பின் அந்தக் கனவை நிறைவேற்றியவர்கள் இவர்களே என்று அவரே உலகுக்குச் சான்று சொல்லிவிட்டார். அவர்களை மறுத்துப் பேசியிருந்தால் தம் முப்பதாண்டுப் போராட்டத்தையே மறுத்ததாகியிருக்கும். சிறையை எதிர்கொள்ள அவரால் இயன்றது. இதை எதிர்கொள்ள இயலவில்லை என்றே நாம் கருதுகிறோம். இது விளக்கம்தானே தவிர மன்னிப்பு அன்று. சாங் நாய் சிக்கும் வாங் சாவோ ஷிக்கும் உரிய கடன் அப்படியே நிற்கிறது.

*

1963 முதல் அவர் வாழ்ந்த பீகிங் இல்லம், கடைசிச் சக்கரவர்த்தி பூ யியின் தந்தையாகிய சுன் இளவரசரின் மாளிகைத் தோட்டத்தில் அமைந்தது. மன்னராட்சியை வீழ்த்தியவரின் மனைவி, மன்னர் குடும்பத்தின் தோட்டத்தில் முதுமையைக் கழித்தார். 1981 பிப்ரவரியில் லி யான் ஏ மறைந்தபோது, தம் பெற்றோரின் கல்லறைப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார் சிங் லிங். எதிர்ப்புறத்து இடம் தமக்கு என்பதும் அவருடைய முடிவே.

மூன்று மாதங்கள் கழித்து அவர் மரணப்படுக்கையில் இருந்தபோது, மே 15ஆம் நாள் கம்யூனிஸ்டுக் கட்சி அவரை உறுப்பினராக ஏற்றது. மறுநாள் மக்கள் சீனக் குடியரசின் கௌரவக் குடியரசுத் தலைவர் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. அப்பட்டம் பெற்றவர் அவர் ஒருவரே. மே 29ஆம் நாள் தம் 88ஆம் வயதில் அவர் காலமானார். குடியரசுத் தலைவரின் மனைவியாக அறிமுகமானவர் குடியரசுத் தலைவராகவே இறந்தார். அப்பதவியில் இருந்தது பதின்மூன்று நாள்கள், அதுவும் நோய்ப்படுக்கையில். நியூயார்க்கில் இருந்த மெய் லிங் வரவில்லை.

அவர் நாஞ்சிங்கைத் தவிர்த்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. பெற்றோருக்குச் செய்யாத கடனைச் செய்ய விழைந்தார் என்பர் சிலர். அந்த மாபெரும் நினைவிடம் சன் யாட் சென்னுக்கு மட்டுமே உரியது என்று எண்ணினார் என்பர் சிலர். நமக்குத் தோன்றுவது இது. கோமிங்டாங்குக்கு அவர் சன் யாட் சென்னின் கைம்பெண். கம்யூனிஸ்டுகளுக்கும் அவர் சன் யாட் சென்னின் கைம்பெண். இரு தரப்பாரும் அப்பெயரை அவர் தோளில் ஏற்றினர். அவரும் அறுபது ஆண்டுகள் மறுக்காமல் சுமந்தார். சன்னல் வழியே தப்பிச்சென்று எந்தத் தந்தையை நோகடித்தாரோ அந்தத் தந்தையின் அருகில், அரை நூற்றாண்டாகத் தம்மைத் திருமதி சன்னாக அன்றி ஒரு வீட்டுக்காரப் பெண்ணாகக் கண்டுவந்த லி யான் ஏயின் அருகில், அந்தச் சுமையை இறக்கிவைக்க அவர் விரும்பியிருக்கலாம்.

அந்த விருப்பமும் முழுமையாக நிறைவேறவில்லை. ஷாங்காய்க் கல்லில் சன் யாட் சென்னின் பெயர் இல்லை. ஆனால் மக்கள் சீனக் குடியரசின் கௌரவத் தலைவர் தோழர் சூங் சிங் லிங் என்று பொறித்திருக்கிறார்கள்.